கயிற்றுப் பக்கம்

ஊருக்கென்று ஒரு கொடியும் முத்திரையும் வேண்டும் என்று மாநகராட்சி அறிவித்ததும் சிங்கம் கேட்டவர்கள்தான் அதிகம். இந்த ஊரில் சிங்கத்தை யாரும் பார்த்ததில்லை. சிலர் கழுகு கேட்டார்கள். இரும்புக்கடைக்காரர் வாள் வேண்டும் என்றார். அவர் கடையில் வாள் விற்பதில்லை, ஆனாலும் இரும்பு இரும்புதானே. மழைக்கு டீக்கடையில் ஒதுங்கி நின்ற, ரப்பர் ஸ்டாம்பும் முத்திரையும் வெட்டுகிற ஸ்டாம்புக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"வாளா? இந்த ஊர்ல வெங்காயம் வெட்டுற கத்தியே மொட்டையாக் கிடக்கு. கண்ணால பாக்குறதைக் கொடியில போடுங்கய்யா. ஆறு இருக்கு, பாலம் இருக்கு, நம்ம கரையில மணிக்கூண்டு இருக்கு, அக்கரையில செங்கல் சூளைப் புகைபோக்கி இருக்கு. இதை விட்டுட்டுச் சிங்கத்தைத் தேடிக் காட்டுக்குப் போவானேன்?"

"அப்ப நீங்களே வரைஞ்சு கொடுத்துடுங்கண்ணே" என்றார் இரும்புக்கடைக்காரர். அவர் கேலியாகத்தான் சொன்னார். ஸ்டாம்புக்காரர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் வீட்டு முன்னறைதான் கடை. பாதி அவருக்கு, பாதி மனைவிக்கு. அவர் பாதியில் ரப்பர் தகடுகள், பித்தளைக் கட்டிகள், பல் குத்தும் அளவுக்குச் சின்னச் சின்ன உளிகள். மனைவி பாதியில் தையல் மிஷின், வெட்டும் மேசை, மூட்டை மூட்டையாகப் பள்ளிச் சீருடைத் துணி. சுட்ட ரப்பர் வாசமும் மிஷின் எண்ணெய் வாசமும் அந்த அறையில் எப்போதும் சண்டையில்லாமல் இருக்கும். மற்றபடி அந்த அறையில் சண்டைக்குப் பஞ்சமில்லை.

முத்திரை வெட்டுகிறவனின் பிழைப்பே தலைகீழ்ப் பிழைப்பு. காகிதத்தில் நேராக விழ வேண்டுமானால் பித்தளையில் திருப்பி வெட்ட வேண்டும். வெட்டி முடித்ததும் ஸ்டாம்புக்காரர் மேசை மேல் நிற்கும் கைக்கண்ணாடியில் பார்ப்பார். கண்ணாடியில் நேராகத் தெரிந்தால் வேலை சரி. வாலிபத்திலிருந்து இதே வேலை என்பதால் கையும் கண்ணும் அப்படியே பழகிவிட்டன. அவர் ஒன்றை நேராகப் பார்ப்பதென்றால் அது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்று மகள் சொல்லுவாள். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அடுத்தவர் பார்வையைப் பற்றிப் பேச அவளுக்கு உரிமை உண்டு.

மனைவியைத் தெருவே தையலக்கா என்று கூப்பிடும். அவர் போட்ட தையலை வைத்து அடிஸ்கேல் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம் என்று தெருவில் ஒருவர் சொன்னதுண்டு. இதைச் சொன்னவர் அளந்து பேசுகிறவர் இல்லை என்றாலும் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது.

ஸ்டாம்புக்காரர் ஒரு அட்டையில் படம் போட்டார். நடுவில் ஆறு, அதன் மேல் பாலம், இடது பக்கம் மணிக்கூண்டு, வலது பக்கம் புகைபோக்கி. மாநகராட்சி வாசலில் நின்று ஆற்றைப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியே. ஆற்றுக்கு நீலம் தீட்டப் போனபோது அக்கா வாயில் கவ்வியிருந்த நூலைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"என்னங்க, நம்ம ஆறு என்னைக்கு நீலமா ஓடுச்சு?"

"ஆறுன்னா நீலம். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"சின்னப் பிள்ளைக்குத் தெரியும். நமக்குத் தெரிய வேண்டாமா? மழைக்காலத்துல டீ மாதிரி ஓடுது. அந்த மண்ணுலதான் அக்கரையில செங்கல் அறுக்குறாங்க, அந்தச் செங்கல்லதான் இந்த வீடு நிக்குது. கண்ணால பாக்குறதைப் போடணும்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தீங்களே."

ஸ்டாம்புக்காரர் முணுமுணுத்துக்கொண்டே நீலத்தைக் கழுவிவிட்டுப் பழுப்பைக் கலந்தார்.

அந்தப் பழுப்புதான் ஜெயித்தது. தேர்வுக் கூட்டத்தில் மேயரம்மா அட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினார். "எல்லாரும் நீலம் போட்டுக் கொடுத்திருக்காங்க. இவர் ஒருத்தர்தான் நம்ம ஆத்தைப் பாத்திருக்காரு. மண்ணுதான் இந்த ஊரு, அந்த மண்ணைச் சுமந்துட்டு வர்ற ஆறுதான் நம்ம கொடி. எப்படிங்க தோணுச்சு உங்களுக்கு?"

"பாத்துப் பாத்து வந்ததுதாம்மா" என்றார் ஸ்டாம்புக்காரர்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா தோளில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டுக்கொண்டார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. யாருக்கு வந்தாலும் பெருமை வீட்டுக்குத்தானே வருகிறது என்று நினைத்திருக்கலாம்.

பித்தளை முத்திரையை அவரே வெட்டுவது, முதல் கொடியை அக்கா தைப்பது, அது சரியாக வந்தால் எல்லா அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அக்காவே கொடி தைத்துக் கொடுப்பது என்று பேச்சாயிற்று. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் வேலையில்லாமல் இருந்த இரண்டு பெண்களைக் கூப்பிட்டு, "ரெடியா இருங்க, மிஷின் வாடகைக்கு எடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டார். அதில் ஒருத்தி அன்றைக்கே கத்தரிக்கோலுக்குச் சாணை பிடித்துக்கொண்டு வந்து காட்டினாள்.

முத்திரை முதலில் முடிந்தது. அந்தச் சூட்டோடு ஸ்டாம்புக்காரர் கொடிக்கான படத்தை மெல்லிய காகிதத்தில் முழு அளவுக்குப் பெரிதாக வரைந்தார். அந்தக் காகிதத்தைத் துணியில் குத்தி, கோட்டின் மேலேயே தைத்துவிட்டு, பிறகு காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடுவார்கள். பித்தளையைப் பார்த்து வரைந்த கை, பித்தளையில் இருந்தபடியே வரைந்தது. வழக்கம்போலக் கண்ணாடியில் பார்த்தார். நேராகத் தெரிந்தது. திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

விடாமல் மழை பெய்த சாயங்காலம். ஈரக் காற்றில் காகிதம் சுருண்டுகொண்டே இருந்ததால் மகள் ஒரு முனையைப் பிடித்திருந்தாள். அக்கா குண்டூசியை எடுத்தவர் அப்படியே நின்றார்.

"என்னங்க, இதுல மணிக்கூண்டு வலது பக்கம் இருக்கு."

"அதனாலென்ன?"

"அட்டையில இடது பக்கம்தானே போட்டீங்க?"

"கொடின்னா ரெண்டு பக்கமும் தெரியும்டி. இந்தப் பக்கம் பாத்தா அப்படி, அந்தப் பக்கம் பாத்தா இப்படி."

"அது சரி. கயிறு எந்தப் பக்கம் வருதோ அதை வச்சுத்தானே எது முகம்னு சொல்லுவாங்க? கயிறு கோக்குற மடிப்பை எந்த ஓரத்துல வைக்க?"

"இடது ஓரத்துல. கொடுத்ததைக் கொடுத்தபடி தைக்க மாட்டியா? எத்தனை முத்திரை வெட்டியிருக்கேன், எனக்கு நீ இடது வலது சொல்லித் தர்றியா? கண்ணாடியில பாத்தாச்சு, எல்லாம் சரியா இருக்கு."

"அப்பா, அம்மா கேக்குறதை ஒரு தடவை..." என்று ஆரம்பித்தாள் மகள்.

"நீ காகிதத்தை நேராப் பிடி."

அக்கா இடது ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். கணவர் விரலால் காட்டிய இடத்திலேயே போட்டார்.

கொடியேற்றும் அன்று காலையில் மழை விட்டிருந்தது. மாநகராட்சி வாசலில் இரண்டு கரைக்காரர்களும் கூடியிருந்தார்கள். இந்த மணிக்கூண்டு விஷயத்தில் இரண்டு கரைக்கும் பழைய பகை உண்டு. செங்கல் எங்களுடையது, கூண்டு மட்டும் உங்கள் கரையிலா என்று அக்கரைக்காரர்கள் கேட்பார்கள். கொடி மேலே போய்க் காற்றில் விரிந்தது. பழுப்பு ஆறு, வெள்ளைப் பாலம், ஒரு சுருக்கம்கூட இல்லாத தையல். அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

கூட்டத்தில் அக்கரைக்காரன் ஒருவன் கத்தினான். "டேய், மணிக்கூண்டு எங்க கரைக்கு வந்துடுச்சுடா!"

எல்லோரும் ஒரு தடவை கொடியைப் பார்த்தார்கள், ஒரு தடவை அதற்குப் பின்னால் நின்ற நிஜ மணிக்கூண்டைப் பார்த்தார்கள். கொடியில் வலது பக்கம், ஊரில் இடது பக்கம். சிரிப்பு வாசலில் தொடங்கிப் பாலம் வரை போயிற்று. விசில் அடித்தார்கள். புகைபோக்கியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றான் இன்னொருவன். மேயரம்மாவின் முகம் சுண்டிப்போனது.

மாநகராட்சி ஆணையர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டாம்புக்காரரிடம் வந்தார். "படம் சரியா இருக்கு, கொடி தப்பா இருக்கு. எப்படிங்க?"

ஸ்டாம்புக்காரரின் வாய் முந்திக்கொண்டது. "நான் படம் சரியாத்தாங்க கொடுத்தேன். தைக்கும்போது கயிற்று மடிப்பைப் பக்கம் மாத்தித் தைச்சுட்டாங்க போல."

யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியும் இல்லை. அத்தனை தலையும் அக்கா பக்கம் திரும்பியது. அக்கா கணவரை மட்டும் பார்த்தார். ஊர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை.

அதோடு போயிருந்தால்கூடப் பதற்றத்தில் உளறினார் என்று சொல்லலாம். அடுத்து முத்திரையைக் கொண்டுவந்தார்கள். ஆணையர் மையில் ஒற்றி வெள்ளைக் காகிதத்தில் அழுத்தி எடுத்தார். மணிக்கூண்டு இடது பக்கம், புகைபோக்கி வலது பக்கம், அச்சு அசலாக விழுந்தது. "உங்க வேலை சுத்தம்" என்று ஸ்டாம்புக்காரர் முதுகில் தட்டினார். அப்போதுதான் ஸ்டாம்புக்காரர் மேசையில் மல்லாந்து கிடந்த பித்தளையைப் பார்த்தார், தலையைத் தூக்கிக் கொடியைப் பார்த்தார். இரண்டும் ஒன்று. கொடியில் பறந்தது படம் இல்லை, பித்தளை. காது மடல் சுட்டது. அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். ஆணையரின் கை இன்னும் முதுகில்தான் இருந்தது. சொல்லவில்லை.

கொடியை இறக்கினார்கள். இன்னொரு நாள் ஏற்றிக்கொள்ளலாம் என்று கூட்டம் கலைந்தது.

வீட்டில் அக்கா ரொட்டியைச் சுட்டு, முட்டையைப் பொரித்து, மூன்று தட்டிலும் வைத்தார். யாரும் தொடவில்லை.

"அப்பா, அந்தக் காகிதத்தோட முனையைப் பிடிச்சுட்டு நின்னது நான்" என்றாள் மகள்.

"தெரியும்மா. ஆணையர் திடீர்னு வந்து கேட்டுட்டாரு. ஏதோ வாயில வந்துடுச்சு."

"வாயில வந்தா? முத்திரை குத்தினப்போ உங்களுக்குப் புரிஞ்சுது. உங்க முகத்தைப் பாத்துட்டுதான் இருந்தேன். அப்ப ஏன் வரல?"

"அத்தனை பேர் முன்னாடி எப்படிம்மா..."

"அத்தனை பேர் முன்னாடிதானே அம்மாவைச் சொன்னீங்க?"

"நீ சும்மா இரு" என்று அக்கா மகளை அடக்கினார். கணவர் பக்கம் திரும்பினார். குரல் உயரவே இல்லை. "நிறம் நல்லா இருக்குன்னு மேயரம்மா சொன்னப்போ என் பேரு உங்களுக்கு ஞாபகம் வரல. சரின்னு விட்டேன். தப்புன்னதும் உடனே ஞாபகம் வந்துடுச்சு, இல்ல?"

ஸ்டாம்புக்காரர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவமானத்தில் மனிதனுக்குப் பசி போய்விடும் என்பார்கள். அவருக்குப் பசித்தது, அதுவே அவருக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

தெருவுக்கு விளையாட்டுக் கிடைத்துவிட்டது. "அக்கா, என் சட்டைப் பையை முதுகுல வச்சுடாதீங்க" என்றார் இரும்புக்கடைக்காரர். சீருடை கொடுத்த ஒரு அம்மா வந்து, தைத்தது போதும், துணியை அப்படியே கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போனார். மற்ற கொடிகளுக்கு வேறு ஆள் பார்க்கிறோம் என்று மாநகராட்சியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சாணை பிடித்த கத்தரிக்கோல்காரி வாசலில் வந்து நின்றாள்.

"பரவாயில்லக்கா. யாருக்குத்தான் கை தப்பாது?"

அக்காவுக்கு மற்றவர்கள் சிரித்தபோது வராத அழுகை, இவள் மன்னித்தபோது வந்தது. மிஷின் மேல் குனிந்துகொண்டு ஊசியில் நூல் கோப்பதுபோல வெகுநேரம் பாவனை செய்தார். பக்கத்து மேசையில் ஸ்டாம்புக்காரர் ரப்பரை வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் எல்லாம் கேட்டது. அன்று இரண்டு ஸ்டாம்பை வீணாக்கினார்.

கயிற்று மடிப்பை எதிர் ஓரத்துக்கு மாற்றினால் கொடி சரியாகிவிடும் என்பதால், அதைத் திருத்தித் தரச் சொல்லி வீட்டுக்கே அனுப்பி வைத்தார்கள். அக்கா அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

"நான் தைச்சதுல தப்பில்ல. அதனால நான் பிரிக்க மாட்டேன்."

"எனக்குத் தைக்கத் தெரியாதே."

"பொறுமையா ஒக்காந்தா வரும்."

ஸ்டாம்புக்காரர் உளியை ஒதுக்கி வைத்துவிட்டு, தையல் பிரிக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். கத்தி நுழைய இடமில்லை. ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவே முடி இழை போகும் இடைவெளி இருந்தால் அதிகம். ஒவ்வொன்றாக நெம்பி நெம்பி எடுத்தார். இத்தனை காலம் ஒரே அறையில் இருந்தும் அவள் வேலையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு எதிர் ஓரத்தை மடித்து ஊசியால் தைத்தார். பெரிய பெரிய தையல், ஆளுக்கொரு பக்கம் போயிற்று. விரலில் ரத்தம் வந்தது. அக்கா பார்த்தும் பார்க்காதவராகச் சீருடைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார்.

முடித்துவிட்டு அவர் சொன்னார். "நாளைக்குக் கொடியை மறுபடி ஏத்தும்போது அர்த்தம் சொல்லச் சொல்லி மைக்கைக் கொடுப்பாங்க. எல்லாத்தையும் சொல்லிடுறேன். நீ வரணும்."

"நான் எதுக்கு?"

"எத்தனை பேர் கேட்டாங்களோ அத்தனை பேர் முன்னாடி சொல்லணும். நீ அங்க இருக்கணும்."

அக்கா பொத்தானின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. மறுநாள் நல்ல உடுப்பாக எடுத்துப் போட்டுக்கொண்டார். மகள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கத்தரிக்கோல்காரியையும் வழியில் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

கூட்டம் போன தடவையைவிட அதிகம். இன்னொரு வேடிக்கை கிடைக்கும் என்று அக்கரை முழுவதும் வந்திருந்தது. கம்பத்தில் கட்டும்போதே ஒருத்தர் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை தையலும் கோணல்" என்றார். சிரித்தார்கள். அக்கா தலையைக் குனியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம்தானே.

மைக் கைக்கு வந்ததும் ஸ்டாம்புக்காரர் கொடிக்கு அர்த்தம் சொல்லவில்லை.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன். படத்தைத் திருப்பி வரைஞ்சது நான். முத்திரை வெட்டுற கை, அப்படியே வரைஞ்சுடுச்சு. மடிப்பை எந்தப் பக்கம் வைக்கணும்னு காட்டினதும் நான்தான். தைக்கும்போதே அவங்க கேட்டாங்க, நான் அவங்க வாயை அடைச்சேன். ஆத்துக்குப் பழுப்பு போடச் சொன்னதும் அவங்கதான், நான் இல்ல. இந்தக் கோணல் தையல் நான் தைச்சது. தப்பு எல்லாம் என்னோடது. அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

அக்காவின் விரல்கள் மகளின் கையை இறுக்கின.

மேயரம்மா எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் குரல் தழுதழுத்தது. "பாத்தீங்களா? மனைவி தெரியாம செஞ்ச ஒரு தப்பைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாரு. இத்தனை பேர் முன்னாடி மனைவியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரல. இப்படிப்பட்ட மனுஷர் வரைஞ்ச கொடி நம்ம ஊருக்குக் கிடைச்சிருக்கு."

கைதட்டல் எழுந்தது. இந்தக் கரையும் தட்டியது, அந்தக் கரையும் தட்டியது. இரண்டு கரையும் ஒன்றுசேர்ந்து செய்த காரியம் அந்த வாசலில் அதுதான் முதல். "இல்லம்மா, நிஜமாவே..." என்று ஸ்டாம்புக்காரர் கையை ஆட்டினார். அடக்கத்தைப் பாருங்கள் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். கொடி ஏறியது. மணிக்கூண்டு இடது பக்கம் பறந்தது. இரும்புக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்காவிடம் வந்தார்.

"கொடுத்து வச்சவங்கக்கா நீங்க. இப்படி ஒரு புருஷன் யாருக்கு அமையும்?"

கத்தரிக்கோல்காரியும் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அக்கா அவளைப் பார்த்தார், பிறகு மகளின் கையை விட்டுவிட்டுத் தனியாக நடக்கத் தொடங்கினார்.

ஸ்டாம்புக்காரர் விடவில்லை. அன்று சாயங்காலம் சீருடைத் துணியைத் திரும்ப வாங்கிப்போன அம்மா அதை மறுபடி எடுத்துக்கொண்டு வந்தார். "தைச்சுக் கொடுங்க. உங்க வீட்டுக்காரர் முகத்துக்காகக் கொண்டுவந்தேன். கொஞ்சம் பாத்து, நேராத் தைங்க" என்றார். ஸ்டாம்புக்காரர் மேசையிலிருந்து பாய்ந்து எழுந்தார்.

"அம்மா, நான் சொன்னது சத்தியம். தப்பு அவளோடது இல்ல, என்னோடது. இந்தாங்க, இந்தக் கண்ணாடியில வந்து பாருங்க, நானே காட்டுறேன்..."

அந்த அம்மா புன்னகை செய்தார். "தெரியும் தெரியும். மைக்ல நாங்களும் கேட்டோம். உங்களுக்கு நல்ல மனசு" என்று சொல்லிவிட்டு அளவுச் சட்டையை வைத்துவிட்டுப் போனார்.

கண்ணாடியைக் கையில் பிடித்தபடி அவர் வாசலிலேயே நின்றார். தெருவில் இரும்புக்கடை திறந்திருந்தது, டீக்கடையில் நாலு பேர் இருந்தார்கள். அங்கே போய்ச் சொல்லலாம் என்று செருப்பை மாட்டினார்.

"நிறுத்துங்க, போதும்" என்றார் அக்கா. துணியை மேசையில் விரித்து, அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "நீங்க சொல்லச் சொல்ல, நீங்கதான் நல்லவராகிட்டே போறீங்க."